நிலை காக்கும் செயற்கைக்கோளா, சாய்ந்து ஓடும் முதிய செயற்கைக்கோளா?

தரையிலிருந்து பார்க்க வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் (சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இடத்தை வாடகைக்குத் தேடும்போது, ஒரே பணிக்கு இரண்டு வகை செயற்கைக்கோள்கள் கண்ணில் படும். தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து 0.05 முதல் 0.1 பாகைக்கு மேல் விலகாமல் நிறுத்தி வைக்கப்படுவது ஒன்று. ஆயுளின் பிற்பகுதியில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வடக்கு–தெற்குத் திருத்தம் கைவிடப்பட்டு, நிலநடுக்கோட்டுத் தளத்துக்குச் சாய்ந்த பாதையில் ஓடுவது மற்றொன்று. சென்னையிலிருந்து சில நிலையங்களை மட்டும் சேர்க்கும் சி பேண்ட் (6 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) இணைப்பு ஒன்றுக்கு இவ்விரண்டையும் எடை போட்டுப் பார்த்து, நாங்கள் முதியதையே எடுத்தோம். இன்று மறுபடியும் கேட்டாலும், நிலையங்கள் குறைவாக இருக்கும் வரை, அதையே எடுக்கச் சொல்வேன்.

செயற்கைக்கோள் சாய்வதற்குக் காரணம் சூரியனும் சந்திரனும். அவற்றின் ஈர்ப்பு சுற்றுப்பாதையின் தளத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.75 முதல் 0.95 பாகை வரை சாய்த்துக்கொண்டே போகிறது. இதைத் திருத்த ஆண்டுதோறும் நொடிக்கு சுமார் 50 மீட்டர் வேக மாற்றம் தேவைப்படுகிறது. கிழக்கு–மேற்கு நகர்வைத் திருத்தவோ சுமார் 2 மீட்டர் போதும். ஆக, நிலை காக்கச் செலவாகும் எரிபொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடக்கு–தெற்குத் திருத்தத்துக்கே போகிறது. சூரியத் தகடுகளும் பெருக்கிகளும் நல்ல நிலையில் இருக்க, தொட்டி மட்டும் வற்றிவரும் செயற்கைக்கோளில் அந்தச் செலவை நிறுத்தினால், சில மாதங்களுக்கே போதுமான எரிபொருள் பல ஆண்டுகளுக்கு ஈடுகொடுக்கும். அந்த ஆண்டுகளைத்தான் உரிமையாளர் குறைந்த வாடகைக்குத் தருகிறார்.

நிலை காக்கும் செயற்கைக்கோளின் நன்மைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். வீட்டுக்கூரை டி.டி.எச். போன்ற சேவைக்கு வேறு வழியே கிடையாது. நூற்றுக்கணக்கான வங்கிக் கிளைகளை இணைக்கும் விசாட் (சிறு டிஷ் நிலையங்கள்) வலையமைப்புக்கும் அதுவே பொருந்தும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தரையில் உள்ள ஆன்டெனாவின் பராமரிப்பு. 6 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் 3.8 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம் (சமிக்ஞை குவிந்து செல்லும் கோணம்) சுமார் 0.9 பாகை, செயற்கைக்கோள் மையத்திலிருந்து அரைப் பாகை விலகினாலே சமிக்ஞை பாதி வலிமைக்கும் கீழே போய்விடும். திருத்தம் நின்ற ஏழெட்டு மாதங்களிலேயே அந்த எல்லை வந்துவிடும் என்பதால், பின்தொடரும் மோட்டார் இல்லாமல் சாய்ந்த செயற்கைக்கோளைப் பயன்படுத்த முடியாது. மோட்டார் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அது செய்ய வேண்டிய வேலை என்ன என்று பார்க்க வேண்டும். பாதை சாய்ந்ததும் செயற்கைக்கோள் வானில் நாள்தோறும் வரையும் எட்டு வடிவம் மிக ஒடுங்கியது: சாய்வு 3 பாகையானால் மேலும் கீழும் 3 பாகை நகரும் அது, பக்கவாட்டில் இருபுறமும் 0.04 பாகை மட்டுமே விலகும். 5 பாகைச் சாய்விலும் அந்த விலகல் 0.11 பாகைதான். நிலையத்தின் தீர்க்கரேகைக்கு அருகில் செயற்கைக்கோள் இருந்தால், டிஷ் பெரும்பாலும் ஏற்றக்கோணத்தில்தான் (மேலும் கீழுமாக) ஆட வேண்டியிருக்கும். சென்னைக்கு 83 பாகை கிழக்கு அத்தகைய இடம். அங்கே ஓர் அச்சில் இயங்கும் மோட்டாருக்குத்தான் உண்மையான வேலை.

மேலும், இந்த ஆட்டம் 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய அப்படியே திரும்ப நிகழ்வதால், கட்டுப்பாட்டுக் கருவி முந்தைய நாளின் தடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நான்கு நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் போதும். கனமழையில் சமிக்ஞை மங்கும் நேரத்திலும் எங்கே திரும்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். எஞ்சுவது டிஷ்ஷை ஏற்றி இறக்கும் திருகுக்கு கிரீஸ் இடுவது, கடற்காற்றில் துருவேறும் இணைப்புகளைப் பார்ப்பது, டிஷ் அளவுக்கு மீறித் திரும்பாமல் நிறுத்தும் எல்லைச் சுவிட்சுகளைச் சோதிப்பது ஆகியவை. நான்கைந்து நிலையங்களில் இதைச் செய்துவிடலாம். ஐம்பது நிலையங்களானால் வாடகையில் மிச்சமாவதைப் பராமரிப்பே தின்றுவிடும். எங்கள் பரிந்துரையின் எல்லை அங்கே முடிகிறது.

தூரமும் மாறும், அதனால் சமிக்ஞை வந்துசேரும் நேரமும் மாறும் என்பதை மோடம் வாங்கும்போது மறக்கக் கூடாது. 3 பாகைச் சாய்வில் சென்னையிலிருந்து செயற்கைக்கோளுக்குள்ள தொலைவு இருபுறமும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கூடிக் குறையும். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்த அளவு பெருகும் என்பதால், நம் அட்சரேகை இதில் சாதகமானது.

முதிய செயற்கைக்கோளின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதை நேரடியாக அளக்க முடியாது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் இதுவரை எரித்த நேரத்தையும் கொண்டு கணக்கிடுகிறார்கள். பணி முடிந்ததும் அதைப் புவிநிலைப் பாதைக்கு மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயர்த்தி ஓய்வுப் பாதையில் விடவும் எரிபொருள் ஒதுக்க வேண்டும். கணக்கில் பிழை இருந்தால், எதிர்பார்த்த தேதிக்கு முன்பே அது விலக்கப்படலாம். ஆகவே ஒப்பந்தத்தில் வேறொரு செயற்கைக்கோளில் மாற்று இடம் தருவதற்கான விதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் முதுமை என்றாலே நம்பகமின்மை என்று பொருளல்ல. 1976இல் ஏவப்பட்ட மாரிசாட் எஃப்2 2008 வரை பணியாற்றியது. பாதை சாய்ந்திருந்ததாலேயே, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் எந்தச் செயற்கைக்கோளும் எட்டாத தென்துருவ ஆய்வு நிலையத்துக்கு அது நாளில் சில மணி நேரம் தெரிந்தது. உரிமையாளருக்கு வேறொரு வழியும் உண்டு: 2001இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 901உடன் 2020 பிப்ரவரியில் எம்.இ.வி.-1 என்ற கலம் இணைந்து, நிலை காக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட செயற்கைக்கோளில் இடம் கிடைத்தால் மோட்டாரே தேவையில்லை, ஆனால் அந்தச் சேவையின் செலவு வாடகையில் ஏறாமல் இருக்காது.

எங்கள் அனுபவம் சி பேண்டோடு நிற்கிறது. அதைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட கேயூ பேண்டில் கற்றை இன்னும் ஒடுங்கியது. 14 கிகாஹெர்ட்ஸில் அதே 3.8 மீட்டர் டிஷ்ஷுக்கு 0.4 பாகைதான். துல்லியம் இரு மடங்குக்கு மேல் வேண்டியிருப்பதால், அங்கே இதே முடிவை எடுக்குமுன் பழைய மோட்டாரையும் கியரையும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்து, அவற்றில் எவ்வளவு தளர்ச்சி இருக்கிறது என்று அளந்துவிடுவது நல்லது.