வேர்ட்பிரஸ்ஸா, ட்ரூபலா: கோயில் தளத்துக்கு எது?

மொரீஷியஸின் போர்ட் லூயியில் எங்கள் வெப் டெவலப்பர் சந்திப்பில் மறுபடியும் இதே கேள்வி வந்தது. இரண்டுமே வலைத்தளம் உருவாக்கி நடத்த உதவும் மென்பொருள்கள்.

செலவு: இரண்டும் இலவசம். ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவை) செலவு தனி.

பழகுவது: வேர்ட்பிரஸ் ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும். ட்ரூபலுக்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும்.

மொழி: மொரீஷியஸில் இதுதான் பெரிய விஷயம். தைப்பூசக் காவடி அறிவிப்பு தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் போக வேண்டும். ட்ரூபலில் 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தே பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங் போன்ற ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்க வேண்டும். ப்ளக்இன் கூடக்கூட அப்டேட் வேலையும் கூடும். அதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும் சிறு கோயிலுக்கு வேர்ட்பிரஸ் போதும். பல கோயில்களைச் சேர்த்து, யார் எதைத் திருத்தலாம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டிய சங்கம் என்றால் நான் ட்ரூபலைத்தான் சொல்வேன்.