வில்லங்கம் தேடித் தருபவர்கள்: சைதாப்பேட்டை அலுவலகம் ஒன்றில் இரண்டு முறை

சைதாப்பேட்டையில் பழைய பத்திரங்களைத் தேடி எடுத்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்று உள்ளது. பத்திர எழுத்தராக வெகுகாலம் இருந்த ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் அதை நடத்துகிறார்கள். சென்ற ஆண்டு இரண்டு முறை அவர்களிடம் வேலை கொடுத்தேன். முதல் முறை நேர்ந்த ஒரு பெரிய தவற்றையும் இங்கே எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்கள் செய்யும் வேலையின் தன்மையைத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு இந்தக் குறிப்பு பயன்படக்கூடும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், என் தாயின் தந்தை விட்டுச் சென்ற நஞ்செய் நிலம் கொஞ்சம் இருந்தது. அம்மாவும் சித்தியும் அதை விற்பதென்று முடிவு செய்தபோது, வாங்குபவரின் வழக்கறிஞர் வழக்கம்போல் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல், கேட்டார். அதற்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பதிவான விவரங்களைக் கட்டணமின்றியே பார்க்கலாம்; சான்றொப்பமிட்ட படிக்குத்தான் பணம் கட்ட வேண்டும். ஆனால் மூலப்பத்திரம் எங்கள் கையில் இல்லை. நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டுமானால் ஐம்பதுகளுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்துப் பதிவுகளுக்குக் கையால் எழுதிய இன்டெக்ஸ் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது என்பதால் இவர்களிடம் போனேன்.

தேடும் திறமையில் இவர்களைக் குறை சொல்ல இடமில்லை. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், சர்வே எண்கள் மாறிவிட்டன. புதிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய புத்தகத்தில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதையே வில்லங்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் பலர். பெரியவர் முதல் நாளே பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கேட்டு வாங்கினார். அதோடு நிற்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சொத்து வாரியான இன்டெக்ஸ் ஒன்றும் பெயர் வாரியான இன்டெக்ஸ் ஒன்றும் உண்டு என்றும், சொத்தை மட்டும் தேடினால் அந்தச் சொத்தின் கதைதான் தெரியும், ஆளைத் தேடினால்தான் ஆளின் கதை தெரியும் என்றும் விளக்கி, தாத்தாவின் பெயரிலும் தேடட்டுமா என்று கேட்டார். கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சரி என்றேன். அந்த ஒரு சொல்லின் விளைவை அப்போது நான் அறியவில்லை.

மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் ஆனது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேடி எடுத்த தாள்களின் கட்டு வந்து சேர்ந்த விதம்தான் பெரிய குறை. பணம் கொடுத்தவனும் தொலைபேசியில் பேசியவனும் நானாக இருக்க, பட்டாவில் இருந்த பெயரைப் பார்த்து, அம்மாவின் பெயருக்குக் கூரியர் அனுப்பிவிட்டார்கள். நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், எழுபத்து நான்கு வயது அம்மா தனியாக அதைப் பிரித்திருக்கிறார். முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, 'அபிமான புத்திரன் ஒருவர் உள்ளார். வாரிசுரிமைச் சிக்கல் எழலாம்' என்று தட்டச்சு செய்திருந்தது. தாத்தாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன் என்பதுதான் அதன் பொருள்.

பிலவ வருஷம் ஆனி மாதம், அதாவது 1961இல், தாத்தா அதே ஊரில் ஒரு வீட்டை நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தானசெட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மைனருக்குக் கார்டியனாக அவனுடைய தாயின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது.

அன்று மாலை நான் கோபத்தோடு பேசியபோது பெரியவர், 'உள்ளதைத்தானே எழுதியிருக்கு' என்றார். உள்ளதுதான். ஆனால் இப்படிப்பட்ட வேலையைச் செய்பவர்கள், உள்ளதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பதையும் தங்கள் வேலையின் பகுதியாகக் கருத வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அடுத்த நாள் மருமகள் அழைத்து, காரணம் எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். மறுபடி அவர்களிடம் போனதற்கு அந்த அழைப்பு ஒரு காரணம்.

இன்னொரு காரணம், கட்டின் பின்பகுதியில் இருந்த எழுத்துப்பெயர்ப்பு. அந்தக் காலத்தில் பத்திரங்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுத்தர்கள் கையால் படியெடுத்தார்கள். ஆகவே இன்று நமக்குக் கிடைக்கும் சான்றிட்ட நகல் அந்த எழுத்தரின் கையெழுத்தில்தான் இருக்கும்; எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம்கூட அதில் படியாகத்தான் வரும். ௵, ௴, ௳ போன்ற குறிகள், கிழமேல் தென்வடல் அளவுகள், கோட்டை விதைப்பாடு, ஒத்தி, சுயார்ஜிதம், பிதுரார்ஜிதம் என்று இன்றைய வாசகரைத் தடுமாற வைக்கும் அனைத்தையும் வரிக்கு வரி தட்டச்சு செய்து, ஓரத்தில் பொருள் எழுதியிருந்தார்கள். எழுத்து மங்கிய இடங்களில் ஊகித்து நிரப்பாமல் புள்ளி வைத்துவிட்டிருந்தார்கள். இதற்காகவே இவர்களுக்குப் பணம் கொடுக்கலாம்.

அம்மா அதை மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பெயர்கள் இருந்தன. இரண்டாவது சாட்சி ஆச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், உடன்பிறந்த தம்பி. நிலத்தையோ வீட்டையோ தானமாகக் கொடுப்பதானால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, அது பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். உயில் என்றால் பதிவே கட்டாயமில்லை. தாத்தா குடும்பத்தில் எவருக்கும் தெரியாமல் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அவர் தானத்தைத் தேர்ந்தெடுத்தார், அதற்குச் சாட்சியாக மைத்துனரையே அழைத்துப் போனார். அப்படியானால் ஆச்சிக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. இத்தனை ஆண்டும் தாத்தாவின் ரகசியம் என்று அம்மா மூன்று நாள் அழுதது, உண்மையில் ஆச்சியும் சேர்ந்து காத்த ரகசியம். சிறுவனின் பெயருக்குச் சிவப்புக் கோடு போட்டவர்கள் இந்தச் சாட்சியின் பெயரைச் சுருக்கத்தில் குறிப்பிடவே இல்லை. உறவுமுறை அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லைதான். ஆயினும் சாட்சிகளின் பெயர்களை முன்பக்கத்தில் போடுவது அவசியம் என்று சொல்லியிருக்கிறேன்.

வழக்கறிஞர் வேறு கணக்குப் போட்டார். சிறுவனின் தாயோடு தாத்தாவுக்குத் திருமணம் நடந்ததா என்று பத்திரம் சொல்லவில்லை. நடந்திருந்தாலும், இந்துக்களின் இருதார மணத்தைச் சென்னை மாகாணம் 1949லேயே தடை செய்துவிட்டதால், அது செல்லாது. ஆனால் செல்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குக் கிடைக்கக்கூடிய பங்கில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தச் 'சிறுவனிடமிருந்து' ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது நிலத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம், வாங்கிவிடுவது நல்லது என்றார். அந்தச் சிறுவருக்கு அதற்குள் அறுபத்தேழு வயதாகியிருக்கும்.

இரண்டாம் முறை சைதாப்பேட்டைக்குப் போனது அதற்காக. இந்த முறை அவர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள்: முடிவை யாரிடம் சொல்ல வேண்டும், நேரிலா தொலைபேசியிலா, கட்டு யார் கையில் சேர வேண்டும். எங்களுக்கு நேர்ந்த பிறகு சேர்த்த படிவம் என்று மருமகள் சொன்னார். வேலை எளியது: 1961க்குப் பிறகு அந்த வீட்டின் மீது என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய், அரசுக் கட்டணம் தனி, ரசீது உண்டு. பத்தே நாளில் முடிவு வந்தது. பெரியவர் என்னை நேரில் வரவழைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, அதன் பிறகே தாளை நீட்டினார். வில்லங்கம் ஏதுமில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீடு விற்கப்படவில்லை, அடமானம் வைக்கப்படவில்லை, பாகம் பிரிக்கப்படவில்லை.

வெற்றுத் தாளை எப்படி வாசிப்பது என்று அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம், மருத்துவம், படிப்பு என்று எத்தனை செலவு வந்திருக்கும். பதிவான கடன் ஒன்றுகூட அந்த வீட்டின் மேல் இல்லை என்றால் அந்த மனிதர் அதை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள் என்றார். பதிவாகாத கைமாற்றுகள் இதில் வராது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னார். நான் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று அம்மாவிடம் அதே வார்த்தைகளில் சொன்னேன். நிலத்தை விற்க வேண்டும் என்பதற்காக அல்லாமல், அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஊருக்குப் போகலாம் என்று அம்மா சொன்னது அன்று இரவுதான்.

நெல்லை எக்ஸ்பிரஸில் போனோம். முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்ததால் வாசலிலேயே நின்றிருந்தார். 'வாங்க அக்கா' என்றார். அம்மா அவரிடம் அரை மணி நேரம் 'நீங்க, வாங்க' என்றே பேசினார். அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து மூலப்பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் நகலில் எழுத்தரின் கையில் படியாக இருந்த கையொப்பம், அதில் தாத்தாவின் கையிலேயே இருந்தது. அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பிராக்ரஸ் கார்டில் இருந்த அதே சாய்வு, அதே நீட்டல். அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'ஏன் நின்னுக்கிட்டே இருக்கே, உக்காரு' என்றார்.

விடுதலைப் பத்திரம் இரண்டு நாள் கழித்துப் பதிவானது. பத்திரத்தில் அவரை எப்படிக் குறிப்பிடுவது என்ற கேள்வி வந்தபோது, வழக்கறிஞர் அனுப்பிய வரைவில் இருந்த சொல்லை அடித்துவிட்டு 'என் சகோதரர்' என்று எழுதச் சொன்னார் அம்மா. நிலம் விற்ற பணத்தில் அவருக்கு என்ன சேர்ந்தது என்பது வீட்டுக்குள் பேசி முடித்த விஷயம்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன் என்றால், வங்கிக் கடனுக்காக முப்பது ஆண்டு மட்டும் வேண்டுபவர்களுக்குத் தேவையே இல்லை. தாங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூலப்பத்திரம் தொலைந்தவர்கள் தாராளமாகப் போகலாம். பெயர் வாரியாகத் தேடச் சொல்வதற்கு முன், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்கவில்லை.

கணக்கு முடிக்கப் போன அன்று மருமகள் இன்னொன்றையும் சொன்னார். பதிவு அலுவலகத்தில் உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியாக இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு எவருக்கும் நகல் தரமாட்டார்கள், இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். ஆச்சியின் பெயரில் அதில் ஏதாவது இருக்கிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, 'தேடச் சொல்லு. ஆனா கூரியர் உன் பேருக்கு வரட்டும்' என்றார்.