டோக்கனின் பின்பக்கத்தை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப் போய், 14,500 ரூபாயை வொர்க்‌ஷாப்பில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பெரிய ஜவுளிக்கடைதான், பெயர் வேண்டாம். வாசலில் சீருடை போட்ட பையன் காரை நிறுத்திவிடுவதாகச் சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தான். இரண்டு மணி நேரம் கழித்து கார் வந்தபோது பின்கதவு எதிலோ உரசி உள்வாங்கியிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டால், நான் திருப்பிக் கொடுத்த டோக்கனையே புரட்டிக் காட்டுகிறார்: ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ “பார்த்துட்டுத்தானே சார் சாவி கொடுத்தீங்க?” பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்! சரி, நம் தலையெழுத்து என்று கிளம்பிவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

வக்கீலாக இருக்கும் மச்சான் சொல்லித்தான் விஷயமே புரிந்தது. சாவி கைமாறினால் வண்டி அவர்கள் வசம் போய்விடுகிறது. விவரமான ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு. வக்கீல்கள் ‘டியூட்டி ஆஃப் கேர்’ (கவனமாக இருக்க வேண்டிய கடமை) என்று சொல்வதில் இதுவும் ஒரு வகை. டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் 1998இல் ஊழியரிடம் ஒப்படைத்த மாருதி ஜென் ஒன்று திருடுபோனது. அந்த டோக்கனிலும் இதே மாதிரி வாசகம்தான். அதைக் காட்டி சொந்த அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது, கவனமாக இருந்ததை ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (நாமே நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் கதை வேறு.)

சட்டம் இருக்கிறது, என் கையில்தான் ஒன்றுமில்லை. டோக்கன் மேனேஜரிடமே தங்கிவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துக் கேட்டால் சிசிடிவி பதிவு அழிந்துவிட்டதாம். ‘சேதம் எங்கள் இடத்தில்தான் ஏற்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று ஒரு பதில் கடிதம் வேறு.

அதனால் சாவி கொடுக்குமுன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, டோக்கனுக்கு இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால், சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லி நின்ற இடத்திலிருந்தே மெயில் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு.

நானும் அங்கே புகார் போட்டிருக்கிறேன். நடுவில் சமாதானமாக 1,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் தருவதாகக் கடையிலிருந்து வாட்ஸப் வந்தது. ‘உங்கள் காருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்’ என்று ஆரம்பிக்கிறது. வவுச்சரை வாங்கவில்லை, அந்தச் செய்தியை அப்படியே பிரின்ட் எடுத்துப் புகாரோடு இணைத்துவிட்டேன்.