மலேரியாவைத் தடுக்க லிக்விட் மெஷினா, ஜன்னல் வலையா, தொட்டி மூடியா?

கீழ்வீட்டுப் பையனுக்கு மலேரியா என்று ரத்தப் பரிசோதனையில் வந்ததும், சென்னையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தோம். என் ஓட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூடிக்குத்தான். கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே பேசவில்லை.

பிளக்கில் செருகும் லிக்விட் மெஷின் குப்பியில் பெரும்பாலும் இருப்பது ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் என்ற கொசு மருந்து. இதே மருந்து ஏற்றிய தாளைச் சுவரில் மாட்டி, கரண்ட் இல்லாமலே வேலை செய்யவைக்கும் முறையைக் கென்யாவின் புசியா பகுதியில் சோதித்தார்கள். குழந்தைகளுக்கு மலேரியாத் தொற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2025ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகைக்குப் பரிந்துரை கொடுத்துவிட்டது. அதனால் மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மாதாமாதம் தாளை மாற்ற ஆள் வைத்திருந்தார்கள். நம் வீட்டில் குப்பி தீர்ந்தது கூடத் தெரியாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும், தெரிந்த பிறகும் புதுசு வாங்கி வர யாருக்காவது ஞாபகம் வர வேண்டும்.

ஜன்னல் வலை எனக்குப் பிடித்தது, இன்னும் படுக்கையறையில் வைத்திருக்கிறோம். காம்பியா நாட்டில் வீடுகளுக்கு வலை அடித்துச் செய்த சோதனை 2009ல் வெளியானது. வீட்டுக்குள் வரும் கொசு பாதிக்கு மேல் குறைந்தது, குழந்தைகளின் ரத்தசோகையும் குறைந்தது. சிக்கல் பராமரிப்பில்தான். வெல்க்ரோ வைத்து ஒட்டும் வலை, நம் ஊர்ப் புழுக்கத்திலும் தூசியிலும் ஓரம் ஓரமாகப் பிய்ந்து வரும். ஏசி பைப் போகும் ஓட்டை, பாத்ரூம் வென்டிலேட்டர் எல்லாம் கணக்கிலேயே வராது. அலுமினிய ஃபிரேம் போட்டால் நிற்கும், ஆனால் வாடகை வீட்டில் அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சரி, தொட்டிக்கு வருவோம். நகரத்து மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ் ஸ்டீஃபென்சை என்கிற கொசு. அது சாக்கடைக் கொசு இல்லை. மொட்டைமாடித் தொட்டி, கிணறு என்று நாம் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். 2012ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டு இப்போது ஆப்பிரிக்க நகரங்களையே கலங்கவைப்பதும் இதே கொசுதான். ஆக, லிக்விடும் ஜன்னல் வலையும் வளர்ந்து பறந்து வந்த கொசுவோடு மல்லுக்கட்டுகின்றன, மூடி முட்டையிடவே விடுவதில்லை.

தொட்டிக்கு மூடி இருக்கிறதே என்று எல்லோரும் சொல்வார்கள். மேலே ஏறிப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்பதற்குப் போட்ட சென்சார் ஒயரை மூடி விளிம்பு வழியாக விட்டிருப்பார்கள், அந்த இடத்தில் மூடி உட்காராது. ஓவர்ஃப்ளோ குழாய் வாய் திறந்தே இருக்கும். பிளம்பர் வந்துபோன மறுநாள் மூடி பக்கத்தில் கிடக்கும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒயருக்குத் தனி ஓட்டை போட்டோம், தொட்டி வாயில் நைலான் வலைத்துணியைக் கட்டி அதன் மேல் மூடியை வைத்தோம், ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் அதே துணியைச் சுற்றி கேபிள் டை போட்டு இறுக்கினோம். வலை என்பதால் காற்று போக வரத் தடையில்லை. ரீஃபில் கிடையாது, கரண்ட் கிடையாது. வாரம் ஒரு தடவை, துணி காயப்போடப் போகும்போது ஒரு பார்வை. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரக்கணக்கு போதும். டெங்கு கொசுவும் இதே தொட்டியைத் தேடி வரும் என்பதால் அதற்கும் சேர்த்து ஆயிற்று.

ஒன்று, இதைச் செய்ததும் வீட்டில் கொசுக்கடி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் சாக்கடையில் பிறந்த க்யூலெக்ஸ் என்கிற வேறு கொசு, அதற்கும் உங்கள் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. மலேரியாக் கொசு எண்ணிக்கையில் குறைவு, கடித்த எண்ணிக்கையை வைத்து இதை எடைபோட முடியாது. காய்ச்சலை வைத்தும் முடியாது, ஏனென்றால் சென்னையில் அதிகம் வரும் வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கியிருந்து, புதுக் கடி இல்லாமலே பிறகு தலைகாட்டும் (அதனால்தான் பதுங்கிய கிருமியைக் கொல்லும் 14 நாள் ப்ரைமாக்வின் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது). எங்கள் வீட்டில் அதற்கப்புறம் யாருக்கும் வரவில்லை, ஆனால் அது மூடியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பக்கத்து மாடித் தொட்டி திறந்து கிடந்தால் அங்கிருந்து பறந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்காகத்தான் படுக்கையறை ஜன்னல் வலையைக் கழற்றவில்லை.

இதெல்லாம் மாடியில் தொட்டி வைத்த காங்கிரீட் வீடுகளுக்கு. ஒடிசா மாதிரி இடங்களின் மலைக்கிராமங்களில் பரப்புவது ஓடைத் தண்ணீரில் வளரும் வேறு அனாஃபிலஸ், ஓடைக்கு யார் மூடி போடுவது? அங்கே மருந்து ஏற்றிய கொசுவலைதான் முதலில். அதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, பயன்படுத்தியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.