மரத்தில் இலையும் பழமும் செதுக்கக் கற்க: பட்டறையா, கல்லூரியா, வீடியோவா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு இலை, கொடி, பழம் என்று மரத்தில் புடைப்பாகச் செதுக்கக் கற்க நினைப்பவருக்கு மூன்று வழி இருக்கிறது. வாசக்கால், கதவு, சாமி வாகனம் செய்யும் பட்டறையில் போய் உட்காரலாம். மாமல்லபுரம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து மரச்சிற்பம் படிக்கலாம். இல்லை, வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு பட்டறைக்குத்தான். ஆனால் பழம் என்று வந்தால் வீடியோவையும் விட முடியாது.

கல்லூரி பற்றிச் சுருக்கமாக: 1957 முதல் நடக்கிற இடம், மரபு முறையில் அளவு, இலக்கணம் எல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு இதையே தொழிலாக எடுக்கப்போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு சனி ஞாயிறில் கற்க நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

பட்டறையில் கிடைப்பது இரண்டு விஷயம். ஒன்று உளி தீட்டுவது, இன்னொன்று மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் தெரிந்துகொள்வது. இந்த இரண்டையும் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் கைக்கு வராது. வளைந்த முனை உள்ள குழி உளியைத் தீட்டுகல்லில் வைத்து, மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே, முனை முழுக்க ஒரே சாய்வில் படும்படி தேய்க்க வேண்டும். சாய்வு கொஞ்சம் மாறினாலும் உளி மரத்தை வெட்டாது, பிய்க்கும். பக்கத்தில் ஒரு ஆசாரி இருந்தால் சத்தத்தை வைத்தே “கல்லுல படியல, இன்னும் சாய்ச்சுப் புடி” என்று சொல்லிவிடுவார். கொட்டாப்புளியால் எவ்வளவு தட்ட வேண்டும், எப்போது அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையாலேயே தள்ள வேண்டும் என்பதும் அப்படித்தான் வரும்.

இன்னொரு லாபம், கொடிக்கருக்கு என்கிற கொடி வேலைப்பாடு. ஒரு தண்டு சுருள, அதன் கணுவிலிருந்து இலை பிறந்து, அந்த இலை மடங்கிய இடத்தில் அடுத்த சுருள் தொடங்கும். சிதம்பரம் தேரிலும் புதுச்சேரியின் பழைய தமிழ் வீதிகளில் உள்ள கதவுகளிலும் இந்த மாதிரி வேலையை நின்று பார்த்தால், ஒரு பலகையை இலையால் எப்படி நிரப்புவது என்ற கணக்கு புரியும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் வேலைக்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது, இரண்டும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. குறை என்னவென்றால், பட்டறையில் காரணம் சொல்லமாட்டார்கள், “இப்படிப் போடு” என்பார்கள், அவ்வளவுதான். ரொம்ப நாளைக்குத் தரையை, அதாவது உருவத்தைச் சுற்றிப் பலகையில் இறக்கிய பின்பகுதியை, சமன் செய்யும் வேலையே கிடைக்கும். அப்புறம், கம்ப்யூட்டர் சொல்படி தானே செதுக்கும் சிஎன்சி மெஷின் வந்துவிட்ட இடத்தில் மெஷின் வெட்டியதை மெருகேற்றத்தான் ஆள் வேண்டும், அங்கே போனால் உப்புத்தாள் தேய்க்கத்தான் கற்பீர்கள். சேருவதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வீடியோவின் பலம் வரிசை. முதலில் கோட்டைச் சுற்றி நிறுத்து வெட்டு, அதாவது பின்னால் வரும் வெட்டு கோட்டைத் தாண்டாமல் நிற்க நேராக இறக்கும் வெட்டு, அப்புறம் தரையை இறக்குவது, அப்புறம் இலையின் பெரிய மேடு பள்ளம், நரம்பு கடைசியில்தான். ஆரம்பத்திலேயே நரம்பைக் கீறினால் இலை தட்டையாகவே நின்றுவிடும், இதைக் காரணத்தோடு சொல்லித் தருகிறார்கள். பழத்தில் இன்னும் உதவி. அரை அங்குல ஆழத்தில் ஒரு மாம்பழம் உருண்டையாகத் தெரிய வேண்டுமானால் அதைப் பாதிப் பந்தாக வெட்டக் கூடாது. நடுவைக் கிட்டத்தட்ட தட்டையாக விட்டு, விளிம்பை மட்டும் செங்குத்தாக இறக்க வேண்டும், நிழல் விழுந்து மிச்சத்தைக் கண் உருட்டிக்கொள்ளும். திராட்சைக் குலையை ஒவ்வொரு பழமாகத் தொடங்காமல் மொத்தக் குலையை ஒரே கட்டியாகச் செய்துவிட்டுப் பிரிக்க வேண்டும். நம்ம பண்ருட்டிப் பலாவுக்கும் அதே முறைதான், வழவழப்பாக உருவம் வந்த பிறகு ‘V’ வடிவ முனை உள்ள வி உளியால் குறுக்கும் நெடுக்கும் சாய்வாகக் கோடு இழுத்தால் கட்டம் கட்டமாக முள் எழும்பும். முந்திரிப் பழம் கொஞ்சம் ஆபத்து, கீழே தொங்கும் கொட்டைக்குப் பின்னால் குடையும்போது ரேகை குறுக்கே ஓடினால் கொட்டை தனியாக வந்துவிடும், அதனால் கொட்டை தொங்கும் திசையும் ரேகையும் ஒன்றாக இருக்கும்படி படத்தைத் திருப்பி வரையுங்கள்.

வீடியோ ஏமாற்றும் இடம் மரம். அவர்கள் வெட்டுவது பெரும்பாலும் லைம், பாஸ்வுட் என்ற மென்மையான வெளிநாட்டு மரங்கள். இங்கிலாந்தில் பேர் பெற்ற மரச்சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ் (1648–1721) தன் இலைகளையும் பழங்களையும் காகிதம் மாதிரி மெல்லியதாகக் குடைய முடிந்ததற்கு லைம் மரத்தின் மென்மை பெரிய காரணம். அதே வெட்டைத் தேக்கில் போட்டால் நுனி உடையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியும் சீக்கிரம் மழுங்கும். முதல் பலகைக்கு என் தேர்வு குமிழ், மென்மையாகவும் சீராகவும் வெட்டுப்படும். வேம்பில் ரேகை பின்னிக்கொண்டு ஓடும், அதற்கு முன் கை பழகட்டும். பலா அடுத்த கட்டம். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டியிலிருந்து போகிற அதே மரம், மஞ்சளாக இருப்பது நாளாக நாளாகப் பழுப்பாக மாறி அழகு கூடும்.

உளியைப் பொறுத்தவரை, வெளிநாட்டு செட் முழுதாக வாங்கத் தேவையில்லை. ஆழம் குறைந்த குழி உளி இரண்டு அளவில், ஆழமானது ஒன்று, பட்டை உளி ஒன்று, வி உளி ஒன்று போதும். வி உளியை மட்டும் நல்ல கம்பெனியில் வாங்குங்கள், இரண்டு பக்கமும் சமமாக இல்லாத வி உளியைத் தீட்டிச் சரிசெய்வது புதியவருக்கு முடியாத வேலை. மற்றதைப் பட்டறைக்குச் செய்து தரும் கொல்லரிடமே சொல்லலாம், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளி தேக்குக்கும் தாங்கும்.