நிறுத்தியவுடன் இறங்கும் பெட்ரோல் அழுத்தம்: டர்போ ஏற்றிய ஹோண்டா சிட்டியில் கண்டறிந்தவை

டர்போ பொருத்திய என்னுடைய 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 காலையில் தயக்கமின்றி ஸ்டார்ட் ஆகும். ஆனால் கோவை வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் நெடுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். டேங்குக்குள் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு, பெட்ரோலைத் தெளிக்கும் 440 சிசி (நிமிடத்துக்கு) இன்ஜெக்டர்கள், பின்னல் உறையிட்ட ஹோஸ்கள், டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டுக்கு ஏற்பப் பெட்ரோல் அழுத்தத்தை உயர்த்தும் ரெகுலேட்டர், தனி இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று இந்த வண்டியின் பெட்ரோல் பாதை ஏறக்குறைய முழுவதுமே மாற்றப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில், எஞ்சினை அணைத்ததும் பெட்ரோல் பாதையில் நிற்க வேண்டிய அழுத்தம் ஏன் இறங்குகிறது என்பதைவிட, எவ்வளவு இறங்கினால் அதைப் பழுது என்று கொள்ளலாம் என்பதே கடினமான கேள்வி என்பது சில ஆண்டுகள் ஓட்டியதில் எனக்குத் தெளிவாயிற்று.

எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்கம் (வெற்றிட) குழாயைக் கழற்றிய நிலையில் ரெகுலேட்டரை 43.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), அதாவது 3 பார் அளவுக்கு அமைத்திருக்கிறேன். குழாயை மாட்டிய பின், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் மேனிஃபோல்டு வேக்கம் அதை ஏறத்தாழ 35க்கு இழுத்துவிடும். ஆகவே எஞ்சினை அணைத்த கணத்தில் மீட்டர் 35 காட்டுவதைப் பார்த்து, எட்டு பிஎஸ்ஐ கசிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. சூடான எஞ்சினில், அடைபட்ட பெட்ரோல் விரிவதால் அழுத்தம் முதலில் சற்று ஏறவும் செய்யும். இரவு முழுவதும் ஆறும்போது அதே பெட்ரோல் சுருங்குகிறது. திரவம் எளிதில் அமுங்காதது என்பதால், மிகச் சிறிய அளவு குறைந்தாலே முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். காலையில் பூஜ்யம் காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பம்பை மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. அணைத்த பின் முதல் அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பயனுள்ள தகவல்.

அந்த அரை மணி நேரத்தில்தான் தொல்லையும் தொடங்குகிறது. கூலன்ட் ஓட்டம் நின்றதும் சிலிண்டர் ஹெட்டின் சூடு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃப்யூயல் ரெயிலுக்கு ஏறுகிறது. பக்கத்திலேயே டர்போ இருந்தால் சொல்லவே வேண்டாம். அழுத்தம் நிலைத்திருந்தால் அந்தச் சூட்டிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும், அழுத்தம் போய்விட்டாலோ அதன் லேசான பகுதிகள் ஆவியாகி ரெயிலை நிரப்பிவிடும், அந்த ஆவியை வெளியே தள்ளும் வரை இன்ஜெக்டர் வழியாகப் போதிய பெட்ரோல் வராது.

கருவி எதையும் எடுக்கும் முன் சாவியைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பம்பின் சத்தம் நின்றதும் அணைத்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்த பிறகு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது என்றால், கோளாறு அழுத்த இழப்பிலோ ரெயிலில் சேர்ந்த ஆவியிலோ இருக்கிறது. மாறாக, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால்தான் பிடிக்கிறது, சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகின்றன என்றால், இன்ஜெக்டர் சொட்டிச் சிலிண்டருக்குள் பெட்ரோல் சேர்ந்திருக்கக்கூடும். அதை அப்படியே விட்டால் பெட்ரோல் ஆயிலில் கலந்து பேரிங்குகளைக் கெடுக்கும் என்பதால், அந்த அறிகுறி தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்ஜெக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் வண்டி முதல் வகை.

அடைபட்ட பெட்ரோல் வெளியேற மூன்று வழிகளே உண்டு: சப்ளை பக்கமாக, பெரும்பாலும் பம்பின் வாயிலில் பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு வழியாகப் பின்னோக்கி டேங்குக்கு, ரெகுலேட்டர் வழியாக, மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனுக்கு, அல்லது இன்ஜெக்டர் வழியாகச் சிலிண்டருக்கு. வெளிக்கசிவு இருந்தால் கண்ணோ மூக்கோ காட்டிக்கொடுத்துவிடும். பின்னல் உறையிட்ட ஹோஸைக் கிளாம்பால் நசுக்கக் கூடாது என்பதால், சப்ளை லைனிலும் ரிட்டர்ன் லைனிலும் பெட்ரோலுக்கு ஏற்ற சிறிய பால் வால்வுகளைச் சோதனைக்காக மட்டும் இணைத்தேன். எஞ்சின் ஆறிய நிலையில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பம்பு ஓடும்போது ரிட்டர்னை அடைத்தால் அழுத்தம் கட்டுப்பாடின்றி எகிறிவிடும். ஆகவே பம்பு நின்ற மறுகணமே வால்வைத் திருப்ப வேண்டும்.

இரண்டும் திறந்திருந்தபோது ஐந்தே நிமிடத்தில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போயிற்று. ரிட்டர்னை மட்டும் அடைத்தபோது இறக்கம் சற்று மெதுவானதே தவிர நிற்கவில்லை. இரண்டையும் அடைத்ததும் முள் அசையாமல் நின்றது. இன்ஜெக்டர்கள் நன்றாக இருக்கின்றன, கசிவு இரண்டு பக்கமும் உண்டு என்பதே இதன் பொருள். ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், ரிட்டர்னை அடைத்தும் இறங்குகிறதே என்று ரெகுலேட்டருக்கு நற்சான்று கொடுத்துவிடுவார்கள்.

சப்ளை பக்கத்துக் கசிவுக்குச் செக் வால்வு காரணமாக இருக்கவில்லை. டேங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்துப் பார்த்தபோது, அதன் வாயிலிலிருந்து மேல்தட்டின் குழாய்க்குப் போகும் சாண் அளவு ரப்பர் ஹோஸ் உப்பி மென்மையாகி, கிளிப்பின் பிடி தளர்ந்திருந்தது. சாதாரணப் பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும். எந்நேரமும் பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். அதன் விலை பல மடங்கு அதிகம், அதனாலேயே பம்பு மாற்றும்போது பல பட்டறைகளில் கையில் கிடைத்த துண்டை மாட்டிவிடுகிறார்கள். கசிவது டேங்குக்குள்ளேயே என்பதால் வாடை வராது. செக் வால்வு பழுதானதைப் போலவே அறிகுறிகள் தெரியும், புதுப் பம்பு வாங்கிப் போட்டாலும் பழைய ஹோஸ் அங்கேயே இருக்கும். அதைவிட மோசமான விளைவு, முழு பூஸ்ட்டில் பம்பு தள்ளும் பெட்ரோலின் ஒரு பகுதி டேங்குக்கே திரும்பி, கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆவது. ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் உருகுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ரெகுலேட்டரின் கதை வேறு. வேக்கம் குழாயில் பெட்ரோல் ஈரம் இல்லாததால் அதன் உள்சவ்வான டயாஃப்ரம் கிழியவில்லை என்பது உறுதியாயிற்று. ஹோஸ் வெட்டும்போது விழும் ரப்பர் துகளோ டெஃப்லான் டேப் இழையோ வால்வு அமரும் சீட்டில் மாட்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன்; எதுவும் இல்லை. வண்டியோடு வந்த ரெகுலேட்டர் மணிக்கணக்கில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது உண்மைதான். ஆனால் அதிக ஓட்டத்துக்காகச் செய்யப்படும் வெளிச்சந்தை ரெகுலேட்டர்களில், பம்பு நின்ற பின் அழுத்தம் மெல்ல இறங்குவது பழுதல்ல என்று தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. பம்புக்கு அப்பால் கூடுதலாக ஒரு ஒருவழி வால்வு போடச் சொல்பவர்கள் உண்டு. கசிவு ரெகுலேட்டரில் இருக்கும்போது அதனால் பயனில்லை, ஓட்டத்துக்குத் தடை ஒன்று கூடுவதுதான் மிச்சம்.

மீட்டரைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சின் அறைக்குள் பொருத்தும் கிளிசரின் நிரப்பிய மூடிய மீட்டர், சூடேறும்போது உறைக்குள் அழுத்தம் கூடுவதால் சில பிஎஸ்ஐ குறைத்தே காட்டும். இப்போது ரெயிலில் எலக்ட்ரானிக் சென்சார் பொருத்தி இசியுவிலேயே பதிவு செய்கிறேன்; அணைத்த பிறகும் சில நிமிடங்கள் இசியுவுக்கு மின்சாரம் கிடைக்குமாறு வயரிங் செய்துகொண்டால் இறங்கும் வேகம் வரைபடமாகவே கிடைத்துவிடும்.

ஹோஸை மாற்றிய பின், அணைத்து அரை மணி நேரம் ஆன பிறகே அழுத்தம் பூஜ்யத்தை நெருங்குகிறது, அதுவும் ரெகுலேட்டர் வழியாக மட்டும். சாவியை ஆன் செய்ததும் பம்பு ஓடும் தொடக்க ஓட்டத்தை இசியுவில் 2 வினாடியிலிருந்து 4 வினாடியாக உயர்த்தியதும், வெயில் நேரத்திலும் எஞ்சின் தாமதமின்றிப் பிடிக்கிறது. ரெகுலேட்டரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.