பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘வால்வு சீட் போட்டாச்சு’ என்றால் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 16,500 ரூபாய் ஏமாந்தேன். இன்னொருவரும் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா ஓட்டிய 1984 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. போன சித்திரையில் சேலத்திலிருந்து தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே திணறியது. “ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டைத் தின்னுடுச்சு சார், கெட்டி சீட் ரிங் போடணும்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

அதில் பொய் இல்லை. எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டில் வால்வு வந்து உட்கார்ந்து அடைக்கும் விளிம்புதான் வால்வு சீட்; சீட் ரிங் என்பது அங்கே தனியாகப் பதிக்கும் கெட்டி வளையம். எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமலிருக்க அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். எரிந்த ஈயம், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு, எடுத்தது நல்லதே. ஆனால் இந்த 1489 சிசி எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. சீட்டை அந்த இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். சூட்டில் வால்வு அதில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து, சீட் மெல்ல உள்ளே இறங்கும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியான டாப்பெட் கேப் குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) போய்விடும்.

பணம் கட்டி வண்டியை எடுத்தேன். நாலே மாதத்தில் அதே தொப்பூரில் அதே திணறல். தர்மபுரியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் டாப்பெட்டில் நுழையவே இல்லை. ஹெட்டைக் கழற்றி, கரியைத் துடைத்து, என் விரலைப் பிடித்து சீட்டைச் சுற்றி ஓட்டினார். “ரிங் பதிச்சிருந்தா சுத்தி ஒரு கோடு நகத்துல தட்டும் தம்பி. தட்டுதா?” வழவழவென்று ஒரே இரும்பு. வால்வை மட்டும் தேய்த்து மாட்டியிருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரிக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். பில்லில் ‘ஹெட் வேலை’ என்றுதானே இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். அப்பாவின் வண்டி என்று தெரிந்தும் செய்தார் என்பதுதான் ஆறவில்லை.

அதே ஆள் என் மச்சானின் 2012 மாடல் காருக்கும் சீட் போகும் என்று பயமுறுத்தி, ஈயத்துக்கு மாற்று என ஒரு பாட்டில் விற்றிருக்கிறார். அந்தக் கார் ஈயம் இல்லாத பெட்ரோலுக்கென்றே கட்டியது. நிஜ ஈயத்தையே ஊற்றினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் கெடும்.

சீட் வேலை கொடுத்தால் பில்லில் ‘எக்ஸாஸ்ட் சீட் ரிங் 4’ என்று எழுதி வாங்குங்கள். ஹெட்டை மாட்டும் முன் கூப்பிடச் சொல்லி, அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்.